காய்ச்சல் இறங்கிய மடிக்கணினி

கந்தோர் மடிக்கணினி சூடாகிறது என்று இன்ஷிரா எழுத்தில் கொடுத்திருக்கக் கூடாது. வாயால் சொல்லியிருந்தால் பணிப்பாளர் மில்ரன் தலையாட்டியிருப்பார். விஷயம் அத்தோடு ஆறியிருக்கும். அவளும் கடையில் ஒரு சின்னத் தூரிகை வாங்கி, காற்றுத் துவாரத்தில் அடைத்திருந்த தூசியைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். எழுத்தில் கொடுத்தபடியால் கந்தோர் முழுவதும் அதில் இறங்கிவிட்டது.

மன்னார் நகரில் இருக்கும் அந்த அரசாங்கக் கந்தோருக்குக் கரையோர வாழ்வாதார மீளமைப்பு இணைப்புக் கந்தோர் என்று பெயர். புயலில் வள்ளம் இழந்தவர்களின் விபரங்களைச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினால், அங்கிருந்து புது வள்ளம் வரும். சேர்க்கிற வேலை இன்ஷிராவுடையது. எருக்கலம்பிட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள். கந்தோரில் கணினி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நிரந்தரமாக்கப்படாமல் ஒப்பந்தத்தில் இருந்தவளும் அவள் ஒருத்திதான்.

தாழ்வுபாட்டிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் ஆட்கள் கைபேசியோடு வருவார்கள். இழப்புக்குச் சான்றான, உடைந்த வள்ளத்தின் படங்களை அவள் மடிக்கணினியில் ஏற்றிக்கொள்வாள். அவற்றுக்குப் பிரதி எடுக்கக் கூடாது. ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு இடத்தில் களவு போகலாம் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது.

மத்தியானம் ஆனால் அந்த மடிக்கணினி கடலுக்குப் புறப்படுகிற எஞ்சின் மாதிரி இரையும். இடது கையை விசைகளின் மேல் வைக்க முடியாது. அவள் இரண்டு பழைய கோப்புகளை அதன் அடியில் கொடுத்துச் சற்று உயர்த்தி வைத்தாள். கீழே காற்றுப் போனது, இரைச்சல் பாதியானது. எழுத்தர்களுக்குத் தலைவரான பிரதம லிகிதர் வந்து பார்த்துவிட்டு, கோப்பு என்பது வாசிப்பதற்கு, முட்டுக்கொடுப்பதற்கு இல்லை என்று சொல்லி இரண்டையும் உருவிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் அவள் எழுதிக் கொடுத்தாள்.

பணிப்பாளர் அவளைக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. மனம் நொந்தவராகத் தெரிந்தார்.

“மிஸ், இந்தக் கந்தோர் திறந்த நாளில இருந்து இஞ்ச ஒரு சாமானும் பழுதானதில்லை. ஏனெண்டால் பழுதெண்டு ஒருத்தரும் எழுதித் தந்ததில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.”

இன்ஷிராவுக்குத் தான் ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டது போல இருந்தது. மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பைப் பணிப்பாளர் ஏற்றுக்கொண்டு, வெப்ப ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார்.

குழுவில் ஒரு தொழில்நுட்ப அலுவலர் இருக்க வேண்டும் என்பது விதி. கந்தோரில் அப்படி ஒருவரும் இல்லை. சுற்றுவட்டத்தில் வெப்பமானி வைத்திருந்த அரசாங்க ஊழியர் பக்கத்துக் கட்டடத்து மிருக வைத்தியர் இன்ஸாப் மட்டுந்தான். அவரை எழுத்துமூலம் அழைத்தார்கள். அவர் மாடுகளுக்கு வைக்கும் வெப்பமானியோடு வந்து, மடிக்கணினியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கே வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பின்பக்கம் ஓரமாகத் தொட்டு வைத்தார்.

“மாடெண்டால், படுக்க விட்டுத் தண்ணி குடுங்கோ எண்டு சொல்லுவன்,” என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். பிரதம லிகிதர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார்: படுக்க விடுவதற்குக் குழு இணங்குகிறது, தண்ணீர் கொடுப்பது பற்றி மேலதிகமாக ஆராய வேண்டும். போகும்போது இன்ஸாப் அவளருகில் வந்து, தன் வீட்டுக் கணினி இப்படித்தான் சுட்டதென்றும், விசிறியைத் துப்புரவாக்கியதும் சரியாகிவிட்டதென்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதைக் குழுவில் சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்டாள். தன்னிடம் வெப்பநிலையை மட்டுந்தான் கேட்டிருக்கிறார்கள் என்றார் அவர்.

அடுத்த கிழமை மடிக்கணினியே பேசத் தொடங்கியது. காலையில் திறந்ததும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஹாட் டிஸ்க் பழுதாகப் போகிறது, உடனே பேக்அப் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள் என்று அதில் இருந்தது. இன்ஷிரா அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பணிப்பாளர் இரண்டு தரம் வாசித்தார். இதை அனுப்பியது எந்தத் திணைக்களம் என்று கேட்டார். ஒரு திணைக்களமும் இல்லை, கணினி தானாகச் சொல்கிறது என்றாள். தனக்குக் கட்டளை போட அதற்கு என்ன தரம் இருக்கிறது என்று கேட்டார். எப்படியோ, சிங்களம், தமிழ் என்ற அரச கருமமொழிகளில் வராத கட்டளையின் மேல் கந்தோர் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆகவே எச்சரிக்கை மொழிபெயர்ப்புக்காகக் கொழும்புக்குப் போனது.

அது திரும்பி வரும்வரை ஒவ்வொரு காலையும் அதே எச்சரிக்கை வந்தது. தொடர்ந்து வேலை செய்ய ஒரு விசையை அழுத்தும்படி கேட்டது. அவள் அழுத்தினாள். முதல் நாள் கை கூசியது. பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையை மற்றக் கையில் வைத்துக்கொண்டே அழுத்தினாள்.

மொழிபெயர்ப்பு வந்தபோது முத்திரையும் கையொப்பமும் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பேக்அப் எடுக்கச் சொன்ன இடத்தை மட்டும் அங்கே யாரோ முதுகு பற்றியதாக விளங்கியிருந்தார். ‘வட்டு தளர்ந்து வருகிறது. தாமதமின்றி முதுகை நிமிர்த்தவும்’ என்று இருந்தது. பணிப்பாளர் முகம் மலர்ந்தது. இடுப்பு வட்டு தளர்வது எவ்வளவு பொல்லாதது என்று அவருக்கு அனுபவம் உண்டு. இன்ஷிராவுக்கு நிமிர்ந்த முதுகோடு ஒரு புதுக் கதிரை வந்தது. அது பிழையான மொழிபெயர்ப்பு என்று அவள் விளக்கப் பார்த்தாள். கதிரையை வேண்டாம் என்கிறாளாக்கும் என்று நினைத்துப் பிரதம லிகிதருக்கு மனவருத்தம் வந்தது. அவள் கதிரையில் அமர்ந்து காட்டினாள்.

விஷயம் இவ்வளவு தூரம் போனபின் கொழும்பிலிருந்து ஒரு பரிசீலனைக் குழு வருவதாக அறிவித்தார்கள். அவர்கள் வரும்வரை சான்றுப்பொருளில் ஒரு மாற்றமும் நேரக் கூடாது. இருக்கிறது இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்றார் பணிப்பாளர். அந்த முடிவை எடுத்த நேரம் மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அதை நிறுத்தவும் கூடாது.

யாரும் கை வைக்காதபடி சீல் வைக்க வேண்டும். பணிப்பாளரே மடிக்கணினியை ஓடிக்கொண்டிருந்தபடியே தன் மேசைக்கு எடுப்பித்து, கடதாசிப் பட்டியும் அரக்கும் கொண்டு வந்தார். மெழுகுதிரியை இன்ஷிராவிடம் பிடிக்கக் கொடுத்தார். வயர் செருகுகிற ஓட்டைகளுக்கு மேல் பட்டி ஒட்டினார். விசைகளுக்கு மேல் குறுக்காக ஒட்டினார். முத்திரை குத்த ஓர் இடம் தேடினார். பின்பக்கத்தில், ஒன்றும் செருகாமல் வரிவரியாகச் சும்மா கிடந்த நீளமான இடம் அவருக்குப் பிடித்தது. அதுதான் சூடு வெளியே போகும் வழி.

“சேர், அதில...” என்றாள் இன்ஷிரா.

பணிப்பாளர் நிமிர்ந்தார். அவருடைய முழங்கையின் கீழ் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு இருந்தது. எத்தனையோ மாதமாக அந்த மேசையில் கிடக்கும் கோப்பு. அன்று அது திறந்திருந்தது. பேனையும் அதன் மேல் இருந்தது.

“என்ன மிஸ்?”

“ஒண்டுமில்லை சேர்.”

அவர் பட்டியை ஒட்டி, அரக்கை அதன் மேல் உருக்கி ஊற்றி, முத்திரையை அழுத்தினார். மெழுகுதிரி ஆடாமல் பிடித்ததற்காக அவளைப் பாராட்டினார்.

ஒரு பொருள் தொலைந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரை விட்டு வெளியேறச் சொன்னபோது அவளுடைய வாப்பா வீட்டு உறுதிப் பத்திரத்தை அலுமாரிக்குள் விட்டுவிட்டுப் போனவர். அகதியாகப் போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, தன்னுடைய வீடு தன்னுடையதுதான் என்று கந்தோர் கந்தோராக ஏறி நிரூபிப்பதிலேயே அவருடைய பாதி வயது போனது. சின்ன வயதில் அவள் அவரோடு அந்தக் கந்தோர் வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களை எல்லாம் அப்போது அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து மடிக்கணினிக்குள் ஒரு சத்தம் கேட்டது. டக், டக் என்று, தகரத்தை யாரோ நகத்தால் தட்டுவது போல. பல்லி என்றார் பிரதம லிகிதர். பேசாமல் மின்சாரச் செருகியைக் கழற்றிவிடலாம் என்று இன்ஷிரா பலமுறை எழும்பினாள். பலமுறை திரும்ப உட்கார்ந்தாள். ஒரு முற்பகலில் தட்டுவது நின்றது. இரைச்சல் நின்றது. திரை இருண்டது.

இன்ஸாப்பைக் கூப்பிட்டார்கள். அவர் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது சூடு இல்லை என்றார். பிறகு வெப்பமானியைத் துடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

பணிப்பாளர் எல்லோரையும் கூட்டினார். பால் தேத்தண்ணீரும் பொரித்த பற்றிஸும் வந்தன.

“சிலபேர் கேட்டவை, ஒரு சின்ன லெப்ரொப்புக்கு ஏன் இவ்வளவு பேர் எண்டு. இண்டைக்குப் பதில் கிடைச்சிருக்கு,” என்றார். “இந்தக் குழு அமைக்கேக்க அது நெருப்பாக் கொதிச்சது. இப்ப தொட்டுப் பாருங்கோ, குளிர்ந்துபோய்க் கிடக்கு. சத்தமும் இல்லை. நாங்கள் ஒருத்தரும் அதில கைகூட வைக்கேல்ல. கை வைக்காமலே ஒரு பிரச்சினையைத் தீர்க்கிறதுதான் நிருவாகம்.”

கை தட்டினார்கள். அது வேலை செய்யுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வின் பொருள் வெப்பம் மட்டுந்தான். அதே கூட்டத்தில் ஒத்துழைப்புக்காக இன்ஷிரா நிரந்தரமாக்கப்பட்டாள். அவள் தன் பங்குப் பற்றிஸைக் கைலேஞ்சியில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்தாள். அடுத்த நாள் அதில் எறும்பு மொய்த்திருந்தது.

அந்தக் கிழமையே தாழ்வுபாட்டு அம்புறோஸ் வந்தார். ஐம்பது தாண்டிய மனிதர். தோய்த்து மடித்த சட்டை போட்டிருந்தார். தன்னுடைய வள்ளத்தின் விபரம் கொழும்புக்குப் போய்விட்டதா என்று கேட்க வந்திருந்தார். உடைந்த வள்ளம் இப்போது கரையில் இல்லை. இந்தக் கந்தோரே நடத்திய கடற்கரைத் துப்புரவுப் பணியில் அதைக் குப்பையோடு ஏற்றிப் போய்விட்டார்கள். பணிப்பாளர் விளக்குமாற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்ட நாள் அது. அம்புறோஸ் இப்போது இன்னொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். போன மாதம் வலை இழுக்கும்போது அவருடைய கைபேசியும் கடலுக்குள் விழுந்துவிட்டது.

“போன் போனதுக்கு நான் கவலைப்படேல்ல பிள்ளை. படம் உங்களிட்ட இருக்குத்தானே.”

“ஓம் அண்ணை,” என்றாள் இன்ஷிரா.

அவர் போனபின் அந்த ‘ஓம்’ அவளை இருக்க விடவில்லை. களஞ்சிய அறையில், சீல் வைத்தபடி கிடந்த மடிக்கணினியை எடுத்துக் கடைப்பையில் போட்டு, மேலே தன் சோற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் காவலாளி சலாம் வைத்தார். நிரந்தரமானவர்களின் பையை அவர் பார்ப்பதில்லை.

கடைத்தெருவில் கணினி திருத்தும் றிஸ்லான் வாயாடி. திருத்துகிற நேரத்தை விடத் திட்டுகிற நேரம் கூட. மூடியைக் கழற்றியதும் அவனும் பேச்சை நிறுத்தினான். விசிறியிலிருந்து வெளியே போகும் வழியில் பஞ்சு மாதிரித் தூசி. அதற்கு வெளியே கடதாசி. கடதாசிக்கு மேல் உருகி உள்ளே வழிந்து மறுபடி இறுகிய சிவப்பு அரக்கு.

“விசிறியில பிழை இல்லை. மூச்சு விட இடமில்லாமல் நிண்டிருக்கு,” என்றான். “டிஸ்க் முதல்லயே சுகமில்லாத ஆள். அதை இந்தச் சூட்டுக்குள்ள வைச்சு இராப்பகலா ஓட விட்டிருக்கிறீங்கள். டக்டக்கெண்டு கேட்ட உடன நிப்பாட்டியிருந்தால் முழுக்க எடுத்திருக்கலாம். ஏன் நிப்பாட்டேல்ல?”

கந்தோரில் விடவில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

“நான்தான் நிப்பாட்டேல்ல,” என்றாள்.

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டி, கொஞ்சம் ஓடவிட்டு, ஆறவிட்டு, திரும்ப ஓடவிட்டு அவன் சில நாள் மல்லுக்கட்டினான். விடத்தல்தீவு ஆட்களின் படங்கள் எல்லாம் வந்தன. தாழ்வுபாட்டுப் படங்களில் பெரும்பகுதி வந்தது. அம்புறோஸின் படம் திறந்தது. மேலே ஒரு துண்டு வானம் தெளிவாகத் தெரிந்தது. அதன் கீழே வள்ளம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் சாம்பல் நிறம். அவனிடம் திரும்பத் திரும்ப முயலச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதே வானந்தான் வந்தது.

மீட்டதைக் கொண்டுபோய்ப் பணிப்பாளரின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அனுமதியில்லாமல் எடுத்துப் போனதைக் கேட்டு அவர் முகம் கறுத்தது. தரவுகள் வந்துவிட்டன என்றதும் தெளிந்தது. குளிர்வித்தபடியால்தான் மீட்க முடிந்தது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார்.

“சேர், குளிர்ந்தது இல்லை, செத்தது. சூடு போற வழியிலதான் சீல் வைச்சது. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுகொண்டு மெழுகுதிரி பிடிச்சனான். அம்புறோஸ் அண்ணையின்ர படம் போனது என்ர பிழை. அதை எழுதுங்கோ.”

அந்தப் பிழையை எழுதினால் சீல் வைத்தவர் யார் என்றும் எழுத வேண்டி வரும் என்பது பணிப்பாளருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது வேறு.

“மிஸ், அந்த நேரம் நீங்கள் ஒப்பந்தத்தில இருந்தனீங்கள். ஒப்பந்தக்காரருக்குப் பிழை விட விதியில இடமில்லை. பிழை விடுறதுக்கும் ஒரு பதவி வேணும். இப்ப நிரந்தரமாயிட்டீங்கள். இனி விட்டால் பதியலாம்.”

அம்புறோஸுக்கு என்ன வழி என்று கேட்டாள். வழி இருக்கிறது, அவர் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார். படம் இல்லாவிட்டால் உடைந்த வள்ளத்தையே கொண்டுவந்து காட்டலாம் என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இன்ஷிரா அன்று வீட்டுக்குப் போகாமல் ஸ்கூட்டரைத் தாழ்வுபாட்டுப் பக்கம் திருப்பினாள். கரையில் கருவாடு காய்ந்தது. அம்புறோஸ் நிழலில் அமர்ந்து யாருடையவோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். அவள் நின்றபடியே எல்லாம் சொன்னாள். ‘ஓம்’ என்று பொய் சொன்னதைக் கடைசியில் சொன்னாள். அதுதான் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

அவர் கையிலிருந்த நூலை அறுத்து முடிச்சுப் போட்டார்.

“மற்றச் சனத்தின்ர படம்?”

“அனேகமா எல்லாம் எடுத்தாச்சு அண்ணை.”

“அது நல்லது.”

ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். உடைந்த வள்ளத்தின் படத்தைத் தன் கண்ணால் கண்டதாகச் சாட்சி எழுதி அனுப்புவதாகச் சொன்னாள். எழுதச் சொன்னார். எழுதினால் வள்ளம் கிடைக்குமா என்று கேட்கவில்லை.

“அந்த ஐயா சீல் வைப்பார். அது அவற்ற தொழில்,” என்றார் பிறகு. “நான் போனை அவரிட்டத் தரேல்ல பிள்ளை. உங்களிட்டத்தான் தந்தனான்.”

அவர் வலையின் அடுத்த கிழிசலை மடியில் இழுத்துப் போட்டார்.

“இனி ஆரும் கொண்டுவந்தால், இஞ்ச தராதேங்கோ எண்டு நீங்களே சொல்லிப்போடுங்கோ,” என்றார். குரலில் கோபம் இல்லை. மழை வருகிறது, கருவாட்டை எடுத்து வையுங்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

சாட்சியை எழுதி அனுப்பினாள். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

கொழும்புக் குழு கடைசியில் வந்தது. புதிய மடிக்கணினி ஒன்றையும் கொண்டு வந்திருந்தது. பணிப்பாளர் அவர்களைக் கூட்டிக்கொண்டு இன்ஷிராவின் மேசைக்கு வந்து, பொதுமக்கள் தங்கள் சான்றுகளை எவ்வளவு நம்பிக்கையோடு இங்கே ஒப்படைக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் விடத்தல்தீவிலிருந்து பிரான்சிஸ்கா என்ற பெண் வந்து, பிந்திப்போனதற்கு மன்னிக்கச் சொல்லி, கைபேசியை இன்ஷிராவிடம் நீட்டினாள். புயலில் போன வள்ளம் அவளுடைய புருஷனுடையது. அவளிடம் இருந்தது அந்த ஒரு படந்தான்.

இன்ஷிராவின் கை தன்பாட்டில் நீண்டது. நீண்ட கையை மடக்கிக்கொண்டாள்.

“அக்கா, முதல்ல இதை உங்கட சொந்தக்காரர் ரெண்டு மூண்டு பேரின்ர போனுக்கு அனுப்புங்கோ. போய்ச் சேர்ந்திட்டுதோ எண்டு கேளுங்கோ. அதுக்குப் பிறகு தாங்கோ,” என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். “எங்களிட்ட மட்டும் தந்தால் அழிஞ்சுபோகும். ஒருத்தற்ற படத்தை நான் அப்பிடி அழிய விட்டனான்.”

பிரான்சிஸ்கா கந்தோர்க்காரரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கைபேசியோடு விறாந்தைக்குப் போனாள்.

பின்னேரமே இன்ஷிராவின் மேல் குற்றச்சாட்டு எழுதப்பட்டது. கந்தோரில் பொதுமக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைக் குலைத்தமை. பிரதம லிகிதர் வாசித்துக் காட்டி, ஏற்றுக்கொள்கிறாளா என்று கேட்டார். ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். கீழே, நம்பிக்கை குலைந்தவர் என்று, அம்புறோஸின் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே என்றார் பிரதம லிகிதர். அவள் பேனையை வாங்கிக் கையொப்பம் வைத்தாள்.